எரிகட்டியாகும் காட்டு மிச்சம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மர அறுவை ஆலை இருந்த ஊர்களில் எல்லாம், ஆலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புக் கூம்பும் நின்றது. உச்சியில் வளைந்த கம்பிவலை, அடியில் அணையாத நெருப்பு. அறுவையில் விழும் தூளும் பட்டையும் கன்வேயரில் ஏறி அதன் வயிற்றில் போய் விழும். இரவு பகலாக எரியும். அந்த வெப்பத்தில் ஒரு வீடுகூடக் குளிர்காயவில்லை. புகை மட்டும் பள்ளத்தாக்கில் தங்கியது.

கொண்டுவந்த கட்டையில் ஏறக்குறைய பாதிதான் பலகையாக வெளியே போகும். மீதி சில்லு, சீவல், தூள், பட்டை. பக்கத்தில் காகித ஆலை இருந்தால் சில்லுக்கு விலை உண்டு. தூளுக்கும் பட்டைக்கும் கூம்புதான் கதி. புகைப் புகார்கள் பெருகி மாகாண அரசு விதிகளை இறுக்கியதும், அந்தத் தூளை என்ன செய்வது என்ற கேள்வி ஆலைக்காரர்களின் கழுத்தைப் பிடித்தது. அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று பெல்லட்: உலர்த்தி, அரைத்து, அழுத்தி, விரல் நுனி அளவுக்கு நறுக்கிய எரிகட்டி.

இன்று இதை உலகைக் காக்கும் எரிபொருள் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், காடழிப்பின் புது முகமூடி என்று தாக்குபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிடமும் உண்மை இருக்கிறது. இருவரும் பேசுவது வேறு வேறு மரத்தைப் பற்றி, வேறு வேறு உலையைப் பற்றி. எரிகட்டியின் நன்மை தீமையை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மரம் எரிகட்டி ஆகாவிட்டால் என்ன ஆகியிருக்கும், எவ்வளவு தூரம் பயணம் போகிறது, கடைசியில் எந்த வேலைக்காக எரிகிறது என்று பார்த்த பிறகே சொல்ல முடியும்.

முதலில் ஏன் அழுத்த வேண்டும் என்று பார்க்கலாம். வெட்டிய ஈரத்தில் மரத்தின் எடையில் சுமார் பாதி தண்ணீர். தூளாக இருந்தால் ஒரு கன மீட்டருக்கு இருநூறு, முந்நூறு கிலோதான். லாரியில் ஏற்றினால் தண்ணீரையும் காற்றையும் சுமந்து போவதற்கே டீசல் செலவாகும். அதே தூளை உலர்த்திப் பெல்லட் ஆக்கினால் ஒரு கன மீட்டரில் 600 முதல் 750 கிலோ வரை அடங்கும். ஈரம் பத்து சதவீதத்துக்குள் வந்துவிடும். இரண்டு கிலோ நல்ல பெல்லட்டின் வெப்பம் ஏறக்குறைய ஒரு லிட்டர் எரி எண்ணெயின் வெப்பம்.

இதற்குப் பசை தேவையில்லை. மரத்தின் உயிரணுச் சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளே பசை. சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அது இளகும். ஆறினால் மறுபடி இறுகும். பெல்லட் ஆலையில் உருளைகள் தூளை, துளைகள் நிறைந்த தடித்த எஃகு வளையத்துக்குள் நெருக்கித் தள்ளும். ஆலைக்காரர்கள் இந்த வளையத்தை டை என்கிறார்கள். உராய்விலேயே நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். துளையின் மறுபக்கம் வரும் குச்சியில் ஒரு பளபளப்பு தெரியும். அது இளகி மேலே வந்து உறைந்த லிக்னின். சூடாக இருக்கும்போது விரலால் நசுக்கினால் உதிர்ந்துவிடும். குளிர்விப்பானைத் தாண்டி வந்த பிறகு உடைப்பது கடினம். ஐரோப்பாவின் என்பிளஸ் தரத்தில் முதல் வகைப் பெல்லட்டின் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள். மண் ஒட்டிய பட்டை கொஞ்சம் கூடிவிட்டாலும் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

இதேபோல் அழுத்திய பெரிய கட்டியான பிரிக்கெட் இதன் அண்ணன். இந்தியாவில் பெரும்பாலும் ஓடுவது பிஸ்டன் அடித்து உருவாக்கும் இயந்திரம். ராட்சதச் சக்கரம் சுழல, பிஸ்டன் முன்னும் பின்னும் போய், ஒவ்வோர் அடிக்கும் ஒரு வில்லையைத் தள்ளும். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட உருளையாக இரும்புத் தடத்தில் ஊர்ந்து குளிரும். கையால் முறித்தால் வில்லை வில்லையாகப் பிரியும். இன்னொரு வகை திருகு இயந்திரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானில் வளர்ந்தது. இதில் வரும் கட்டி கெட்டியாகவும் நடுவில் துளையோடும் இருக்கும். துளை வழியே காற்று போவதால் நன்றாக எரியும். ஆனால் திருகின் நுனி சீக்கிரம் தேய்ந்துவிடும். மூலப்பொருளாகப் போடும் நெல் உமியில் இருக்கும் சிலிக்கா எஃகைத் தின்றுவிடுகிறது. 1990களில் டச்சு நாட்டு உதவியோடு டெல்லி ஐ.ஐ.டி. இந்தத் தேய்மானத்தைக் குறைக்கும் ஆய்வில் இறங்கியது. சந்தையில் வென்றது என்னவோ உழைப்பாளியான பிஸ்டன்தான்.

யோசனை பழையது. 1880இலேயே சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித், சூடாக்கிய மரத்தூளை நீராவிச் சம்மட்டியால் அடித்துக் கட்டியாக்கக் காப்புரிமை வாங்கினார். 1930களில் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்து லூயிஸ்டனில் ‘பிரெஸ்டோ லாக்’ என்ற தூள் கட்டை வணிகத்துக்கு வந்தது. ஆனால் எண்ணெயும் நிலக்கரியும் மலிவாகக் கிடைத்தவரை இவை ஓரமாகவே கிடந்தன. சுவீடனில் மோரா நகரில் 1982இல் தொடங்கிய பெல்லட் ஆலை 1986இல் மூடப்பட்டது. கதையைத் திருப்பியது ஒரு வரி. 1991இல் சுவீடன் கார்பன் வரி விதித்தபோது நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் விலை ஏறியது, மரத்துக்கு ஏறவில்லை. ஊர் முழுவதற்கும் குழாயில் வெந்நீர் அனுப்பும் மாவட்ட வெப்ப நிலையங்கள் மரத்துக்கு மாறின. ஆஸ்திரியாவில் வீட்டுக் கொதிகலன்கள் பரவின. டேங்கர் லாரி வந்து நின்று, குழாய் மாட்டி, அடித்தளச் சேமிப்பறைக்குள் பெல்லட்டை ஊதி நிரப்பிவிட்டுப் போகும். 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஒரு கப்பல் நிறையப் பெல்லட் சுவீடனுக்குப் போனது. கூம்பில் எரிந்திருக்க வேண்டிய தூள் பெருங்கடல் கடந்து ஒரு குளிர்தேசத்து ரேடியேட்டரைச் சூடாக்கியது.

அந்த மாகாணத்தில் அப்போது வேறொரு பேரிடரும் நடந்துகொண்டிருந்தது. ஓர் அரிசி அளவே உள்ள பைன் வண்டு, குளிர்காலங்கள் மிதமாகிப்போனதால் சாகாமல் பெருகி, 1990களின் பிற்பகுதியிலிருந்து சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. வணிக மதிப்புள்ள பைன் மரங்களில் பாதிக்கும் மேல் செத்தன. செத்து நின்ற மரம் சில ஆண்டுகளுக்குள் வெடித்துப் பிளந்து பலகைக்கு ஆகாமல் போகும். காட்டுத்தீக்கு விறகாக நிற்கும். இதைப் பெல்லட் ஆக்குவது நியாயம் என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த நியாயம் உண்மையானது.

ஆனால் உலர்ந்த மரத்துக்கு வேறொரு குணமும் உண்டு. 2012 ஜனவரியில் பர்ன்ஸ் லேக் ஊரிலும் ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜிலும் இரண்டு அறுவை ஆலைகள் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். வண்டு கொன்ற மரத்தின் நுண்தூள் காற்றில் மிதந்து பற்றிக்கொண்டதுதான் காரணம். சேமிப்பிலும் ஆபத்து உண்டு. குவித்து வைத்த பெல்லட்டில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் மோனாக்சைடை வெளிவிடும்; அதற்கு வாசனை இல்லை, நிறமில்லை. 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், பெல்லட் நிறைந்த கப்பல் அறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய ஒரு மாலுமி அங்கேயே இறந்தார். இந்தியாவில் பெல்லட் கிடங்கு கட்டுகிறவர்கள் இந்தச் சம்பவங்களைப் படித்திருக்க வேண்டும். தூள் வெளியேற்றும் விசிறியும் வாயு அளவு காட்டும் கருவியும் ஆடம்பரம் அல்ல.

விவாதம் சூடேறியது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் டிராக்ஸ் மின்நிலையத்தால். ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக்கரி நிலையங்களில் ஒன்றாக இருந்த இது, 2013 தொடங்கி ஆறு அலகுகளில் நான்கை மரத்துக்கு மாற்றியது. மொத்தம் 2,600 மெகாவாட். இதற்கு ஆண்டுக்கு அறுபது, எழுபது லட்சம் டன் பெல்லட் வேண்டும். எந்த அறுவை ஆலையின் தூளும் இந்தப் பசிக்குப் போதாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கனடாவிலும் பெல்லட் ஆலைகள் முளைத்தன. அவற்றின் முற்றங்களில் முழு மரத்தண்டுகள் அடுக்கடுக்காகக் குவிந்திருப்பதைச் சூழலியல் அமைப்புகள் படம் பிடித்து வெளியிட்டன. வளைந்ததும் நோய் பிடித்ததுமான, பலகைக்கு ஆகாத தண்டுகள் அவை என்று ஆலைகள் கூறின. மரத்துக்குச் சந்தை இருப்பதால்தான் தனியார் நில உரிமையாளர்கள் வெட்டிய இடத்தில் மறுபடி நடுகிறார்கள், நிலத்தை வீட்டுமனையாக விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்றும் வாதிட்டன. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் வடக்குக் கரோலினாவின் சதுப்புக் காட்டில் வளர்ந்த பழைய கடினமரத்தை, நட்ட பைன் தோட்டத்தைப் போலவே எண்ணி இந்த வாதத்துக்குள் அடக்குவது சரியில்லை.

இங்கே கணக்கெழுதும் முறையே சிக்கலின் வேர். ஒரே அளவு வெப்பத்துக்கு மரம் நிலக்கரியைவிடக் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அட்டவணைப்படி ஒரு ஜிகாஜூலுக்கு மரம் 112 கிலோ, நல்ல நிலக்கரி 94.6 கிலோ. ஆனால் அந்த வாயு புகைபோக்கியில் கணக்கு வைக்கப்படுவதில்லை. மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் சேர வேண்டும் என்பது விதி. இரண்டு இடத்திலும் எழுதினால் இரட்டைக் கணக்காகும் என்பதால் வந்த ஏற்பாடு இது. நடைமுறையில் எரிக்கும் நாடு பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறது. வெட்டும் நாட்டின் ஏட்டில் அந்த இழப்பு வளரும் காடுகளின் பெரிய கூட்டலுக்குள் கரைந்துவிடுகிறது. டிமத்தி செர்ச்சிங்கர் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் இந்தக் கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டினார்கள்.

மரம் திரும்ப வளரும், வாயுவைத் திரும்ப உறிஞ்சும் என்பது உண்மை. எப்போது என்பதுதான் கேள்வி. 2010இல் அமெரிக்காவின் மனோமெட் மையம் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காகச் செய்த ஆய்வு இதில் ஒரு மைல்கல். அந்த மாநிலக் காட்டு மரத்தை நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாக எரித்தால், 2050இலும்கூட வாயுச் சுமை மூன்று சதவீதம் கூடுதலாகவே இருக்கும் என்று அது கணித்தது. எரிவாயு மின்சாரத்துக்குப் பதிலாக எரித்தால் 110 சதவீதம் கூடுதல். அதே மரத்தை எண்ணெய்க் கொதிகலனுக்குப் பதிலாக வெப்பத்துக்கு எரித்தால் 25 சதவீதம் குறைவு. காடு ஒன்று, மரம் ஒன்று. பயன்பாடு மாறினால் தீர்ப்பே மாறுகிறது. மரத்தை மின்சாரமாக்கும் நிலையத்தின் திறன் நாற்பது சதவீதத்தை எட்டுவதே அரிது. நல்ல கொதிகலன் வெப்பமாகவே எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் தந்துவிடும். மாசசூசெட்ஸ் 2012இல் விதியை மாற்றி, குறைந்தது ஐம்பது சதவீதத் திறன் காட்டாத மர மின்நிலையத்துக்குச் சலுகை இல்லை என்றது. எரிகட்டிக் கொள்கை வகுக்கும் எந்த அரசும் இந்த ஒரு விதியிலிருந்து தொடங்கலாம்.

கிளை, நுனி, சுள்ளி போன்ற உண்மையான மிச்சம் என்றால் கணக்கு வெகுவாக நல்லதாகிறது. காட்டில் விட்டாலும் சில ஆண்டுகளில் மக்கி அதே வாயுவைத்தான் வெளியிடும். வெட்டிய தளத்தில் குவித்துக் கொளுத்தினால் அன்றே வெளியிடும். அதற்காக எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடக் கூடாது. மரத்தின் சத்தில் பெரும்பகுதி தண்டில் இல்லை. இலையிலும் ஊசியிலும் மெல்லிய கிளையிலும் இருக்கிறது. பின்லாந்தின் வழிகாட்டு நெறிகள் வெட்டு மிச்சத்தில் சுமார் முப்பது சதவீதத்தைத் தரையிலேயே விடச் சொல்கின்றன. அந்நாட்டுக் காட்டு உயிரினங்களில் நான்கில் ஒரு பங்குவரை செத்த மரத்தை நம்பி வாழ்பவை. வெட்டுபவரின் கண்ணுக்கு மிச்சமாகத் தெரிவது மரங்கொத்திக்கும் காளானுக்கும் வீடு.

பிரிட்டனிலும் காற்று மாறியிருக்கிறது. கனடா மரத்தைப் பற்றிய தரவுகளைச் சரியாகத் தராததற்காக டிராக்ஸ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் 2.5 கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டது. 2027 முதல் 2031 வரைக்கான புதிய ஏற்பாட்டில் அதன் மானியம் பாதியாகக் குறைகிறது. மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓட வேண்டும். உலகின் மிகப் பெரிய பெல்லட் உற்பத்தியாளராக இருந்த அமெரிக்காவின் என்விவா 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் விதிகளில், காட்டு மரத்தை வெறும் மின்சாரத்துக்காக எரிப்பதற்கான ஆதரவைச் சுருக்கிவிட்டது.

இந்தியாவின் நிலைமை வேறு. இங்கே தொழில்முறைக் காடு வெட்டல் சிறியது. எரிகட்டியின் பெரும்பகுதி வயல் மிச்சத்திலும் அறுவைத் தூளிலும் இருந்து வருகிறது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு ஐந்து சதவீதம் உயிர்ப்பொருள் கட்டியைக் கலக்க வேண்டும் என்ற மத்திய அரசின் கொள்கையும் வைக்கோல் எரிப்பை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான். ஆனால் காடு தருகிற மிச்சம் இரண்டு வடிவில் இங்கே மலைபோல் குவிகிறது: இமயத்தில் பைன் ஊசி, தெற்கில் களைமரம்.

உத்தராகண்டில் பைன் ஊசியைப் பிருல் என்கிறார்கள். கோடையில் தரை முழுதும் மெத்தையாகப் படிந்து, ஒரு பொறியில் மலையையே எரிக்கும். பித்தோராகர் மாவட்டத்து பேரிநாகில் அவனி என்ற அமைப்பு இந்த ஊசியை வாயுவாக்கி மின்சாரம் எடுத்துக் காட்டியது. மாநில அரசு 2018இல் இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. 2024இல் தீ பரவியபோது சேகரிப்பு விலையைக் கிலோ 3 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்கு உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். அந்த ஒரு எண்ணே சிக்கலைச் சொல்லிவிடுகிறது. கிலோ 50 ரூபாய்க்கு வாங்கிய ஊசியை எரிகட்டியாக்கி விற்று லாபம் பார்க்க முடியாது. அது தீத்தடுப்புக்கு அரசு கொடுக்கும் கூலி. கொடுக்க வேண்டிய கூலியும்கூட. ஊசியைச் செங்குத்துச் சரிவில் குனிந்து வாரிச் சுமந்து வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி உண்ணிச்செடியிலும் சீமைக்கருவேலத்திலும் வந்து நிற்கிறது. அழகுச் செடியாக பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த உண்ணி, இன்று இந்தியப் புலிக் காடுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேலான பரப்பை அச்சுறுத்துவதாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. முதுமலையில் சாலையோரம் நின்று பார்த்தாலே தெரியும்: ஆள் உயரப் புதர், பின்னிய தண்டு, அடியில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கு என்ன வேலை? கூடலூரில் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தத் தண்டை வளைத்து ஆளுயரத்துக்கு மேலான யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள்; அவை லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் காட்சிக்குப் போயின. சிற்பத்துக்கு வேண்டிய தண்டு கொஞ்சம். காட்டில் இருப்பதோ கடல்.

எரிகட்டி இங்கே பொருந்தும். உண்ணி மெல்லிய தண்டு, விறகாகக் கட்டினால் இடத்தை அடைக்கும், எடை நிற்காது. சில்லாக நறுக்கும் சிப்பரில் போட்டு அரைத்து அழுத்தினால்தான் லாரி ஏற்றும் பொருளாகும். ஆனால் வெட்டினால் மட்டும் உண்ணி போகாது. அடித்தூரிலிருந்து இன்னும் அடர்ந்து துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் கண்ட முறை எளிமையானது: மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணைக் கிளறக் கூடாது. கிளறினால் புதைந்த விதை விழிக்கும். பறவைகள் வந்து அமரும் மரத்தடியில் முளைக்கும் நாற்றுகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் பிடுங்க வேண்டும், இடையில் உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும்.

டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இது எதுவும் நடக்காது. எடை தரும் தடித்த தண்டை மேலாக வெட்டிக்கொண்டு அடுத்த புதருக்குப் போவதுதான் யாருக்கும் தோன்றும். அடுத்த ஆண்டு துளிர்ப்பதும் ஆலைக்கு லாபமாகவே தெரியும். களையை நம்பி நிரந்தர ஆலை கட்டினால், அந்தக் களை தீர்ந்துவிடக் கூடாது என்று நினைக்கும் ஒரு முதலாளி உருவாகிவிடுவார். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரக் கொள்கையை வெளியிட்டு, மஞ்சக்கொன்னை மரங்களை அகற்றும் வேலையில் டி.என்.பி.எல். காகித நிறுவனத்தை ஈடுபடுத்தியது. ஏற்கெனவே ஓடும் ஆலை, களையைக் கூடுதல் சரக்காக எடுத்துக்கொள்கிறது. களை தீர்ந்தாலும் ஆலை நிற்காது. உண்ணிக்கும் இதுவே சரியான வழி. ஓர் இடத்தில் வேரூன்றாத சிப்பரும் அழுத்து இயந்திரமும், ஹெக்டேர் கணக்கில் கூலியும் வேண்டும்.

சீமைக்கருவேலம் வேறு கதை. 1870களில் மதராஸ் வனத்துறை ஆர்வத்தோடு வரவழைத்த இந்த மரம் இன்று ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கரிமூட்டம் மூலம் சோறு போடுகிறது. தண்டும் தூரும் கரிக்குப் போகும். மண் மூடிய மூட்டத்தில் நான்கு, ஐந்து டன் விறகுக்கு ஒரு டன் கரிதான் மிஞ்சும். முள் நிறைந்த சிறு கிளைகளை வாங்க ஆளில்லை, வயலோரத்தில் கொளுத்துகிறார்கள். அந்த முள்தான் எரிகட்டிக்கு வேண்டிய சரக்கு. கரித் தொழிலோடு மோதாமல் அதன் பக்கத்திலேயே ஓர் இயந்திரம் ஓடலாம். வெயில் தாராளமாக இருக்கும் அந்த மாவட்டங்களில் உலர்த்தும் செலவும் குறைவு. இது சின்ன விஷயமல்ல: பாதி ஈரமான மரத்தை எட்டு சதவீதத்துக்குக் கொண்டுவர, ஒரு டன் எரிகட்டிக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், கட்டியில் இருக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். பரமக்குடி வெயில் அதைக் காசில்லாமல் செய்துதரும்.

எரிகட்டியை வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். திருப்பூர் சாயப்பட்டறைக் கொதிகலன்கள் விறகிலும் கட்டியிலும் ஓடுகின்றன. கொதிகலன்காரர் முதலில் பார்ப்பது விலையை, இரண்டாவதாகச் சாம்பலை. மண்ணும் மணலும் கலந்த கட்டி உலைக்குள் உருகி, கிளிங்கராக இறுகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். உலையை நிறுத்தி, ஆறவைத்து, கம்பியால் இடித்து எடுக்க வேண்டும். ஒரு ஷிப்ட் போய்விடும். அப்படி ஒருமுறை அனுபவப்பட்டவர் மறுபடி விறகுக்கே திரும்புகிறார். ஐரோப்பா பெல்லட்டுக்குத் தரச் சான்றை வற்புறுத்தியதற்கு இதுவே காரணம். இங்கே ஈரத்தையும் சாம்பலையும் சோதித்துச் சாக்கின் மேல் அச்சடிக்கும் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை.

நீலகிரித் தேயிலை ஆலைகளின் தேவை இன்னும் நெருக்கமானது. பச்சை இலையை வாட்டவும் பொடியை உலர்த்தவும் சூடான காற்று வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு செலவாகிறது. கூடலூரிலேயே தேயிலை ஆலைகள் இருக்கின்றன. முதுமலையின் தெப்பக்காடு அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள். வெப்பத்துக்கான உலை, பக்கத்திலேயே அகற்ற வேண்டிய புதர், கூலி வேலை தேடும் பழங்குடிக் குடும்பங்கள் ஆகிய மூன்றும் ஒரே மலையில் இருக்கின்றன. புலிகள் காப்பகத்துக்கு வெளியே அழுத்து இயந்திரத்தை வைக்க ஓர் இடம், வேரோடு கவிழ்த்த ஒவ்வொரு ஹெக்டேருக்கும் அளந்து தரும் கூலி, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நாற்றுப் பிடுங்கவும் புல் விதைக்கவும் எழுதிவைத்த பொறுப்பு, கட்டியை இத்தனை ஈரத்துக்குள் இத்தனை சாம்பலுக்குள் வாங்கிக்கொள்வதாகத் தேயிலை ஆலையின் ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டியது வனத்துறையும் தேயிலை வாரியமும் ஊர்ச் சபைகளும்தான்.